இல்லத்திற்கு ஓர் ஆலோசனை: கூடத்தில் ஒரு சிறு கடல்



மும்பையின் புறநகர் ஒன்றில் வசிக்கும் ஒரு தகப்பனாரிடமிருந்து வந்த கடிதத்தை இம்மாதம் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்கிறோம். அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவர். பிழைப்பிற்காக மும்பைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பிளஸ் ஒன் படிக்கும் அவருடைய மகன், வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வைக்கவேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுவருகிறான். சாதாரணத் தங்கமீன் தொட்டி அல்ல. பவள உயிர்களும் கோமாளி மீன்களும் வாழும் தொட்டி. "கடையில் விலை கேட்டபோது மலைப்பாயிருந்தது. ஆனால் ஊரிலிருக்கும் என் மைத்துனர் படகு வைத்திருக்கிறார். வலையில் ஏறிவரும் பவளக்கல்லை ஈரச்சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து தருகிறேன், ஒரு பைசா செலவில்லை என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் அவர் மனம் வருந்துவார். குறைந்த செலவில் இதைச் செய்ய வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

இக்கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மைத்துனர் தரும் கல்லை வாங்கலாமா என்பது ஒன்று. சிக்கனமாகச் செய்யமுடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வாங்கக்கூடாது என்றும், இரண்டாம் கேள்விக்குச் சில நிபந்தனைகளோடு முடியும் என்றும் பதில் சொல்லுகிறோம். காரணங்களைக் கீழே காண்போம்.

இலவசமாய் வரும் கல்

பவளம் என்பது கல் அல்ல. பாலிப் என்னும் மிகச்சிறிய உயிர்கள் கூட்டமாய்ச் சேர்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தங்களுக்கென்று கட்டிக்கொள்ளும் வீடே நாம் கல் என்று நினைப்பது. இவ்வுயிர்களின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் சூரிய ஒளியில் உணவைத் தயாரித்து, தாங்கள் தங்கியிருக்கும் உயிருக்கும் பங்கு கொடுக்கின்றன. நீர் அளவுக்குமீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து, பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப்பட்ட வெளுப்பு பெரிய அளவில் நேர்ந்தது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த கடல் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டிடங்களுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தார்கள். அரண் போயிற்று, அலை தடையின்றி உள்ளே வந்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துபோயின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் சுருங்கிவிட்டபடியால், அதைக் காப்பதற்காகக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கவேண்டியதாயிற்று. பவளப்பாறை என்பது மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். கரையோரக் கிராமத்திற்கு மதில். அதிலிருந்து ஒரு கல்லை எடுப்பவர் தம் சொந்த ஊரின் மதிலிலிருந்தே ஒரு கல்லை உருவுகிறார்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், 2001-ஆம் ஆண்டு, பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடங்கும். கடற்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. புலிக்கும் யானைக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் அதே பாதுகாப்பு இவற்றிற்கும் உண்டு. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முதல் பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பிடிப்பதற்கும், வைத்திருப்பதற்கும், விற்பதற்கும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். உயிருள்ள பவளம் மட்டுமல்ல, செத்துக் காய்ந்த பவளத்துண்டும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே. கடற்கரை ஊர்களுக்குப் போய்விட்டு, கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு வெள்ளைப் பவளக்கிளையைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

எனவே ஈரச்சாக்கில் வரும் அந்தக் கல்லினால் மைத்துனருக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து. பதினாறு வயதுப் பிள்ளையின் ஆசைக்காக இரண்டு குடும்பங்கள் வழக்கில் சிக்கவேண்டியதில்லை. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கல்லினால் பயனில்லை. ஒன்றரை நாள் பயணத்தில் அதிலுள்ள உயிர்களில் பெரும்பகுதி இறந்துவிடும். இறந்தவை புதுத்தொட்டியில் அழுகி, தண்ணீரை நஞ்சாக்கி, கடையில் காசு கொடுத்து வாங்கிய மீன்களையும் சேர்த்துக் கொல்லும்.

மைத்துனரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லாமல் கனிவாகச் சொல்லுங்கள். அவர் கொடுக்க விரும்பியது கல்லை அல்ல. மருமகன்மேல் அவருக்குள்ள அன்பையே அப்படிக் காட்டினார். வரும் மே மாதத்தில் மகன் ஊருக்குப் போகும்போது, எந்தக் காற்றில் எந்த மீன் படும், நீரோட்டம் எப்போது திரும்பும், எந்தப் பாரில் என்ன மீன் மேயும் என்பதையெல்லாம் அந்த மாமா அவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். தொட்டி வைக்கிறவனுக்கு அந்த அறிவு கல்லைவிட மிகவும் பயன்படும். வலையில் தற்செயலாய் ஏறிவரும் பவளத்தை மறுபடியும் கடலிலேயே விட்டுவிடும்படியும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தொடங்குமுன் மூன்று கேள்விகள்

எதையும் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது. கீழ்க்கண்ட மூன்றுக்கும் "ஆம்" என்று சொல்லக்கூடுமானால் மேற்கொண்டு செல்லுங்கள்.

முதலாவது, இடம். இரண்டு அடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும், ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டியே சிறிய குடும்பத்திற்கு ஏற்றது. விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 88 லிட்டர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக 70 லிட்டர் நீர் நிற்கும். இன்னும் சிறியதாய் வாங்கினால் செலவு குறையும் என்று எண்ணவேண்டாம். நீர் குறையக் குறைய அதன் சூடும் உப்பும் விரைவாய் மாறும், சிறு பிழையும் பெரிய சேதமாகும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து சுமார் 100 கிலோ எடை வரும். ஸ்டாண்டின் எடை தனி. ஆகவே அறையின் நடுவே வைக்காமல் உறுதியான சுவரை ஒட்டி வையுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். நேர் வெயில் படும் சன்னலோரம் கூடாது.

இரண்டாவது, ஆள். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரமும், தினமும் ஐந்து நிமிடமும் இதற்கு வேண்டும். மகனுக்குப் பரீட்சை வரும் மாதத்தில் அந்த அரைமணி நேரத்தைத் தகப்பனாரோ தாயாரோ கொடுக்க மனதாயிருக்கிறார்களா?

மூன்றாவது, மே மாதம். ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் மூன்று, நான்கு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது வழக்கம். அப்போது இந்த உயிர்களுக்குப் பொறுப்பேற்பவர் யார்? சாவியை ஒப்படைக்கத்தக்க ஓர் அயலாரோ, பொறுப்புள்ள ஒரு வாலிபனோ இல்லையென்றால் கடல்தொட்டியை வைக்கவேண்டாம். அதற்குப் பதிலாக நன்னீரில் வாழும் கப்பி மீன்களை வளர்ப்பதில் குறைவொன்றும் இல்லை.

எங்கே சிக்கனம், எங்கே கூடாது

இன்றைய விலையில் எல்லாவற்றிற்குமாக 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஒதுக்கிவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கடைக்குக் கடை விலை மாறும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று, நான்கு மாதச் சம்பளத்தில் பிரித்து வாங்கலாம். இந்த வேலையில் நிதானமே பெரிய சிக்கனம். கடன் வாங்கியோ தவணையிலோ இதைச் செய்யாதிருங்கள்.

தொட்டியில் சிக்கனம் செய்யலாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் தொட்டி தேவையில்லை. மீன்தொட்டி செய்யும் கண்ணாடிக் கடைக்காரரே 6 அல்லது 8 மி.மீ. கண்ணாடியில் சிலிக்கான் பசை வைத்துச் செய்துகொடுப்பார். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கானைப் பயன்படுத்தவேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் நீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்த்தபின் உபயோகியுங்கள்.

வடிகட்டியிலும் சிக்கனம் செய்யலாம். இந்த அளவுத் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறவருக்கு, விளிம்பில் மாட்டும் சிறிய ஹேங் ஆன் ஃபில்டரே போதும். மணலிலும் சிக்கனம் உண்டு. தொட்டியின் அடியை வெறுமையாய் விட்டுவிட்டால் செலவும் இல்லை, அழுக்கும் தங்காது. கடற்கரை மணலை அள்ளிவந்து போடக்கூடாது.

உப்பில் சிக்கனம் கூடாது. சமையல் உப்பும் கல்லுப்பும் கடல்நீராகாது. கடல்நீரில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் முதலிய பல உப்புகள் குறித்த அளவில் கலந்திருக்கின்றன. இதற்கென்று விற்கப்படும் மரைன் சால்ட்டையே வாங்கவேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 முதல் 38 கிராம் வீதம், 70 லிட்டருக்கு இரண்டரைக் கிலோவிற்குச் சற்று மேல் ஆகும். அதன்பின் வாரம் 7 லிட்டர் மாற்றுவதற்குக் கால் கிலோ. அதாவது மாதத்திற்கு ஒரு கிலோ. மும்பையில்தான் கடல் இருக்கிறதே, அங்கிருந்து மொண்டு வரலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நகரத்தின் சாக்கடையும் சேறும் கலக்கும் கரையோர நீர் இதற்கு உதவாது.

நீரிலும் சிக்கனம் கூடாது. குழாய்நீரில் குளோரினும், ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் பல கனிமங்களும் இருக்கின்றன. ஆர்.ஓ. நீரே தேவை. ஆனால் நம் வீடுகளிலுள்ள ஆர்.ஓ. இயந்திரங்கள் பல, குடிப்பதற்குச் சுவை வரும்படி கனிமங்களை மறுபடியும் சேர்த்துவிடுகின்றன. மலிவாய்க் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி அளந்து பாருங்கள். சுழியத்தை ஒட்டி எண் வரவேண்டும். 50, 80 என்று காட்டினால், கனிமம் சேர்க்கும் பகுதிக்கு முன்பாக நீரைப் பிரித்தெடுத்து, டி.ஐ. ரெசின் என்னும் சிறு குழலின் வழியாய்ச் செலுத்தும்படி பழுதுபார்ப்பவரிடம் சொல்லலாம். வாரத்திற்குச் சுமார் 14 லிட்டர் தேவைப்படும். ஆர்.ஓ. கழித்துவிடும் நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் கருவியிலும் சிக்கனம் கூடாது. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரும், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றையும் சோதிக்கும் கிட்டும் வேண்டும். உப்பு ஆயிரத்திற்கு 35 பங்கு, அதாவது அடர்த்தி எண் 1.025 அல்லது 1.026 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்கு நீலமும் வெள்ளையும் கலந்த எல்.இ.டி. விளக்கு, நாள்தோறும் 8 மணி நேரம். ஒரு டைமர் சுவிட்சை மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. நீரோட்டத்திற்கு மணிக்கு 1,000 முதல் 1,500 லிட்டர் தள்ளும் வேவ் மேக்கர் ஒன்று. விளக்கு 30 வாட், மோட்டாரும் ஃபில்டரும் தலா 5 வாட், சிறு விசிறி 10 வாட் அரைநாள் என்று கணக்கிட்டால், ஒருநாளைக்கு 0.6 யூனிட், மாதத்திற்கு 18 யூனிட் ஆகும். உங்கள் மின்கட்டண ரசீதிலுள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள்.

சூடும் ஈரப்பதமும்

பவள உயிர்களுக்கு 25 முதல் 27 டிகிரி சூடு உகந்தது. குளிரூட்டும் சில்லர் இயந்திரம் சிறு குடும்பத்திற்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, நீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு விசிறியை வைத்தால், நீர் ஆவியாகும்போது இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்விதமே. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது விசிறியின் பலன் குறைந்துவிடும். மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்து, மே மாதத்து நடுப்பகலில் விளக்கை அணைத்து மாலையில் எரியவிடுவது நல்லது. பெங்களூரில் இத்தொல்லை குறைவு. டெல்லியில் இருப்பவர்களுக்குக் கோடையில் விசிறியும், குளிர்காலத்தில் 100 வாட் ஹீட்டரும் வேண்டியிருக்கும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே தினந்தோறும் குறையும் ஒன்றிரண்டு லிட்டருக்கு ஆர்.ஓ. நீரையே ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றக்கூடாது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடுவரை தினமும் நிரப்புங்கள். புதிதாய்த் தொடங்குகிறவர்கள் அதிகமாய்த் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆறு வாரம் காத்திருத்தல்

தொட்டி, உப்புநீர், கல், மோட்டார் எல்லாம் வைத்தாயிற்று. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. மறுநாளே மீன் வாங்கிவரப் பிள்ளைகள் துடிப்பார்கள். தொட்டிகள் பெரும்பாலும் இந்த அவசரத்திலேயே அழிந்துபோகின்றன.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. அது நஞ்சு. கல்லின் நுண்துளைகளில் வளரும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை நாம் வாரந்தோறும் நீரை மாற்றி வெளியேற்றுகிறோம். இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் இரண்டொரு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டுவாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்திற்கு வந்து, நைட்ரேட் மட்டும் தெரியும் நாளே மீன் வாங்கும் நாள். மகனிடம் ஒரு நோட்டுப்புத்தகம் கொடுத்து, தேதியிட்டு எழுதிவரச் சொல்லுங்கள். இரசாயனப் பாடத்தில் படித்ததை அவன் கண்கூடாகக் காண்பான்.

கல்லைக் குறித்து ஒரு வார்த்தை. கடைகளில் "கோரல் கல்" என்று விற்கப்படுவது பல இடங்களில் செத்த பவளமே. அதைத் தவிர்த்து, மனிதரால் செய்யப்பட்ட பீங்கான் கல்லையோ, நுண்துளையுள்ள செயற்கைக் கல்லையோ 8 கிலோ வாங்கி, ரசீதும் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதங்களில் கல்லின்மேல் பழுப்பாகவும் பின்பு பச்சையாகவும் பாசி படரும். அது இயல்பே, மருந்து ஊற்றவேண்டாம்.

யார் குடியேறலாம்

இந்தத் தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன்கள் போதும். 2003-இல் வெளிவந்த திரைப்படத்திற்குப் பின் பிள்ளைகள் "நீமோ" என்று அழைப்பது இவற்றையே. கடலில் பிடிக்கப்பட்டவற்றை வாங்காமல், பொரிப்பகத்தில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இம்மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை நம் நாட்டிலேயே வகுத்திருக்கிறது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இதில் பணிசெய்தது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, காய்ந்த தீனியைத் தயங்காமல் உண்ணும். கோமாளி மீனுக்கு அனிமோன் எனப்படும் கடல் சாமந்தி அவசியம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். அது இல்லாமலே நன்றாய் வாழும். புதியவர் கையில் அனிமோன் பிழைப்பதும் அரிது.

மீன் வந்து இரண்டு மாதம் கழிந்தபின், கல் பவள வகையைச் சேராத மென்மையான உயிர்களில் ஒன்றிரண்டை வைக்கலாம். காளான் பவளம் அதற்கு ஏற்றது. குறைந்த ஒளியிலும் வாழும், சிறு தவறுகளையும் தாங்கிக்கொள்ளும், தானே பெருகும். வேறொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டியெடுக்கப்பட்ட துண்டாயிருந்தால் விலையும் குறைவு, கடலுக்கும் நட்டமில்லை. இதற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாசியை மேய்வதற்குச் சங்குக்குள் குடியிருக்கும் சிறு துறவி நண்டுகள் இரண்டு மூன்று விடலாம்.

சொவாந்திட் என்னும் பொத்தான் பாலிப்புகள் பார்வைக்கு மிக அழகானவை. ஆனால் அவற்றில் சில பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சை உடையவை. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அவை வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றைத் தேய்க்கக்கூடாது. சுத்தம் செய்வதாக எண்ணி அந்தக் கல்லை வெந்நீரில் ஒருபோதும் கொதிக்கவைக்கக்கூடாது. அந்த ஆவி வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனையில் சேர்த்துவிடும்.

புதிய உயிரைக் கொண்டுவந்ததும் பையோடு தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சூடு ஒன்றானபின், தொட்டி நீரைச் சிறிது சிறிதாய் ஒரு மணி நேரம் சேர்த்துப் பழக்கி விடுங்கள். கடை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனுக்கு நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை இத்தொட்டியில் விடக்கூடாது. அது நண்டையும் பவள உயிரையும் கொன்றுவிடும். நோயுற்ற மீனை வேறொரு வாளிக்கு மாற்றியே மருந்து கொடுக்கவேண்டும். சோப்புப் போட்ட கையைத் தொட்டிக்குள் விடாதிருங்கள்.

மின்சாரமும் பயணமும்

உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருப்பது சிறிய காரியமல்ல. ஒவ்வொரு ஒயரும் பிளக்கிற்குக் கீழே தாழ்ந்து தொங்கி, அதன்பின் மேலேறிச் செல்லும்படி அமையுங்கள். அப்போது ஒயரில் வழியும் நீர் சுவிட்சிற்குள் போகாமல் தரையில் சொட்டும். வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், தொட்டி வாங்குமுன் அதைப் பொருத்துங்கள். கையை நீரில் விடுமுன் எல்லாச் சுவிட்சுகளையும் அணையுங்கள். மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று போதும். இரண்டு மீன் உள்ள தொட்டி அதைக்கொண்டு பல மணி நேரம் தாங்கும்.

ஊருக்குப் போகும் காலத்தில், ஒவ்வொரு வேளைத் தீனியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதி வைத்துவிட்டு, மீதித் தீனியைப் பூட்டிவிடுங்கள். பொறுப்பேற்பவர் அன்பினால் அதிகம் போடுவார். அந்த அன்பினால் மீன் சாகும். இரண்டு நாளுக்கு ஒரு மடிப்புப் போதும். கண்ணாடிக் கோடுவரை ஆர்.ஓ. நீர் ஊற்றவும், வாரம் ஒருமுறை ஃபில்டர் பஞ்சை அலசவும் அவருக்கு முன்னதாகவே இரண்டு முறை செய்துகாட்டுங்கள். புறப்படுவதற்கு முந்தின மாதத்தில் புதிதாக எந்த உயிரையும் சேர்க்காதீர்கள்.

இதுவரை தொடங்காதவர்களுக்கு எங்கள் யோசனை: இப்போது கண்ணாடித் தொட்டியையும் டி.டி.எஸ். மீட்டரையும் மட்டும் வாங்குங்கள். ஊருக்குப் போய்த் திரும்பியபின், ஜூன் மாதத்தில், வெயில் தணிந்தபோது உப்பைக் கரையுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு மீன்கள். அக்டோபர் மாதத்தில் ஒரு காளான் பவளம். அதற்குமேல் ஓராண்டு வரை எதையும் சேர்க்கவேண்டாம். வேலை மாறி வீடு மாறவேண்டிய நிலை வந்தால், பாதி நீரைக் கேன்களில் எடுத்துக்கொண்டு, கல்லை நீருக்குள்ளேயே வைத்து, அன்றைக்கே புது வீட்டில் தொட்டியை நிறுத்திவிடுங்கள். அது முடியாதென்றால், நன்றாய்ப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு வீட்டிற்கு அவற்றைக் கொடுத்துவிடுங்கள். எக்காரணத்தை முன்னிட்டும் தொட்டி உயிர்களைக் கடலிலோ, கால்வாயிலோ விடவேண்டாம்.

தொட்டி தொடர்பான வேறு ஐயங்கள் இருந்தால் எழுதுங்கள். அளந்த எண்களையும் தேதியோடு குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்ல எளிதாயிருக்கும்.